ஸ்டூடியோ ரேடியோ

"பழைய சென்சஸ்லயே எங்க வீடு ஒத்தை அறை மண்வீடுன்னு இருக்கு மேடம்," என்றார் இருளப்பன்.

இருந்தது. ஆனால் நான்கு தலைமுறை வறுமைச் சான்று வழங்கும் இயந்திரம், விதிப்படி அவர் கொண்டுவந்த பழைய குடும்பப் படத்தைத்தான் நம்பியது. கோட்டு போட்ட கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தில் ஒரு ரேடியோ. வசதியான குடும்பம் என்று மனுவைத் தள்ளிவிட்டது. நான்கு மணிக்குள் சான்று இல்லையென்றால் அவர் மகளுக்கு மருத்துவக் கல்லூரி இடம் இல்லை.

"கோட்டு, ரேடியோ எல்லாம் ஸ்டூடியோக்காரன் சாமான். அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே நின்னாங்க?"

"அதே ரேடியோவோட வேற குடும்பத்துப் படம் ஒண்ணு வேணும் அண்ணாச்சி," என்றாள் அதிகாரி கோமதி.

"கடையே இடிஞ்சு போச்சு. எங்க தேட?"

கோமதி படத்தைப் பெரிதாக்கினாள். ரேடியோவில் ஒரு திருகு குமிழ் உடைந்து, அந்த இடத்தில் சட்டைப் பொத்தானை ஒட்டியிருந்தார்கள். அதே பொத்தான் அவள் வீட்டுப் படத்திலும் இருக்கிறது, அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் முழங்கையருகே. அவளுக்கு இந்த வேலையே இதே சான்றில் கிடைத்ததுதான். அன்று, வீட்டில் பழைய படம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். மறைத்தது தெரிந்தால் வேலை போய்விடும்.

மணி மூன்று ஐம்பத்தேழு.

"வாங்கப்பா, போவோம்," என்று இருளப்பன் பக்கத்தில் இருந்த மகள் எழுந்தாள்.

"உக்காரும்மா," என்றாள் கோமதி.

தன் செல்போனிலிருந்த வீட்டுப் படத்தை இயந்திரத்தில் ஏற்றினாள். படத்தில் இருப்பவர் யார் என்று திரை கேட்டது. 'என் கொள்ளுத்தாத்தா' என்று எழுதினாள்.

அச்சுப்பொறி இரண்டு தாள்களைத் தள்ளியது. முதல் தாள் சான்று; அதை மகளிடம் நீட்டினாள். இரண்டாவது, சான்று ரத்து நோட்டீஸ். அதில் கோமதியின் பெயர் இருந்தது.