தண்ணீர் நின்ற உயரம்

கதவுப் பலகையில் இருந்த கோட்டை இழைத்துத் தள்ளி நான்கு நாளாகிவிட்டது. வாய்ஸ் மெசேஜை இன்றைக்குத்தான் கேட்டாள்.

மூன்று நிமிடம் பத்து விநாடி. அமலி அக்கா அனுப்பியது. வீட்டின் பழைய பாத்ரூம் கதவைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்து, இதிலேயே பாத்ரூமுக்கு ஒரு அலமாரி செய்து கொடு என்று சொன்னவள்.

கஸ்டமர்களின் வாய்ஸ் மெசேஜை அவள் கேட்பதே இல்லை. எல்லாம் ஒரே பாட்டுதான். தேன் கலர் வேணும். காபி கலர் வேணும். கூட ஆம்பள ஆளு யாராச்சும் வருவாங்களா.

இதில் வேறு இருந்தது.

"கண்ணு, அந்தக் கதவுல சேத்துக்கோடு ஒண்ணு இருக்கும் பாரு. வெள்ளத் தண்ணி நின்ன கோடு. அத மட்டும் அழிச்சிறாத. மாட்டுறப்ப தரையிலேர்ந்து அதே உயரத்துக்கு வரணும். எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கால் வராது. அந்தக் கதவப் புடிச்சிக்கிட்டுதான் நின்னாரு. புள்ளைய மாடியில வுட்டுட்டு வந்துர்றேன்னு போனேன். வந்து பாத்தா கழுத்துக்குத் தண்ணி நிக்குது. அவரு நிக்கல."

மெசேஜில் இன்னும் சில விநாடி இருந்தது.

"அப்புறம் கதவப் படுக்கப் போட்டவதான். நிமித்திப் பாக்கத் தெம்பில்ல. இப்பப் பாக்கணும்போல இருக்கு."

போனை மரத்தூளில் கவிழ்த்து வைத்தாள்.

கோட்டைப் பார்த்திருந்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பலகையின் குறுக்கே பழுப்பாக, ஒரு விரல் அகலத்துக்கு.

பிளைவுட் கடைக்காரன் அவளை 'பி.இ. ஆசாரி' என்றுதான் கூப்பிடுவான். "பொம்பள இழைச்சா பலகை படுக்குமா?" என்பான். வீட்டிலேயே முதல் பட்டம் வாங்கியவள். பட்டத்தை வைத்துக்கொண்டு இழைப்புளியைப் பிடித்ததற்காக அப்பாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். ஒரு கறை மிஞ்சினால் போதும், இத்தனை வாயும் திறந்துவிடும்.

அதனால் கண்ணாடி மாதிரி இழைத்தாள்.

பிறகு பலகையைக் கையாலேயே அறுத்து இரண்டு மில்லி கனத்தில் ஏடு ஏடாக எடுத்தாள். தண்ணீருக்கு அசையாத பிளைவுட்டில் பெட்டி கட்டி, தேக்கு ஏடுகளை மேலே ஒட்டினாள். கடை வெனீர் இல்லை. அவள் கை வெனீர். ரேகை ஓடுகிற அழகைப் பார்த்துப் பார்த்து, தனியாக இருக்கும்போது சிரித்துக்கூடக் கொண்டாள்.

இப்போது சீவல் மூட்டையைத் தேடினாள். ஒரு சுருளாவது கிடைக்காதா.

மூட்டை காலி. கொசுவுக்குப் புகை போட்டு மூன்று சாயங்காலம் கொளுத்தியாயிற்று.

அமலி அக்காவின் நம்பரை எடுத்தாள். அழுத்தவில்லை.

ஏரிக்குப் போனாள். அந்த வெள்ளத்தில் கரை உடைத்துக்கொண்டு வந்த அதே ஏரி. ஒரு கை வண்டல் அள்ளி வந்தாள். டீ டிகாஷனில் குழைத்தாள்.

உயரத்துக்குப் போனில் படம் இருந்தது. கதவைப் பட்டறைச் சுவரில் சாத்தி, பக்கத்தில் டேப்பை நீட்டிப் பிடித்து எடுத்த படம். கோடு சரியாக மூன்றரை அடியில்.

முதல் கை பாலிஷ் காய்ந்திருந்தது. அதன் மேலேயே பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. ஓரத்தில் லேசாகப் பிசிறவும் விட்டாள்.

அசல் மாதிரியே வந்தது. அந்தப் பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

மாட்டிவிட்டு மேலே இன்னொரு கை பாலிஷ் கொடுத்துவிட்டால் ஜென்மத்துக்கும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அமலி அக்கா வீட்டு பாத்ரூமில் மாட்டினாள். தரையிலிருந்து கோட்டுக்கு மூன்றரை அடி. ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். ஒரு நூல் பிசகவில்லை.

அமலி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். அலமாரியை ஒட்டி நின்றாள். கோட்டுக்கு நேராக உள்ளங்கையைப் பிடித்தாள். கையை அப்படியே தன் உடம்புக்குக் கொண்டுவந்தாள்.

இடுப்புக்கு மேலே ஒரு சாண்.

கையைக் கழுத்துக்கு உயர்த்தினாள். மறுபடியும் கோட்டுக்கே இறக்கினாள்.

"இவ்ளோதானா?"

யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

"கழுத்துக்கு, கழுத்துக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. இந்தத் தண்ணியிலேர்ந்தா ஒரு மனுசன என்னால இழுத்தாற முடியல?"

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அலமாரியை மாட்டியவளுக்கு உறைத்தது.

கதவின் அடிப்பக்கம் இற்றுப்போயிருந்தது. வண்டியிலிருந்து இறக்கிய கையோடு, பட்டறை வாசலிலேயே, ஒரு அடி அறுத்து எறிந்தாள். அதற்கப்புறம்தான் சுவரில் சாத்தினாள். படம் எடுத்தாள்.

ஒரு நூல் பிசகாதவள்.

ஒரு அடி.

பாலிஷ் டப்பா ஜன்னலில் திறந்தே இருந்தது. கீழே அமலி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒருமுறைதான். 

பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. அவள் துண்டை முக்கினாள். பிழியவில்லை.

"அக்கா. இங்க பாருங்க."

கோட்டின் மேல் வைத்து இழுத்தாள். வெள்ளம் ஊறவைத்த கறை தண்ணீரில் போகாது.

இது போனது. கலங்கி, அலமாரிக் கதவில் வழிந்து, வெள்ளை டைல்ஸில் இறங்கியது.

அமலி அக்கா சுவரைப் பிடித்து எழுந்தாள். அலமாரியைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த துண்டை வாங்கினாள்.

மூக்கருகே கொண்டுபோனாள். ஏரிச் சேற்றோடு டீ வாசம் அடித்தது.