துண்டுக்கடியில் ஹெல்மெட்

கிரெக் ஹால்வர்சனுக்கு நடந்தது பச்சைத் துரோகம். வேறு பெயரே கிடையாது.

பதினாலு வருஷம் அமெரிக்கக் கால்பந்தில் டுலூத் அணிக்காகப் பந்து எறிந்தவன். இன்றுதான் முதல் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ஓய்வு பெறுமுன் கடைசி ஆட்டமும் இதுதான். நாலு புள்ளி பின்னால் இருந்தார்கள். பந்து கையில், மீதி இரண்டே நிமிடம். அந்த நேரம் பார்த்து அவன் ஹெல்மெட்டைக் காணோம்!

ஹெல்மெட் இல்லாமல் களத்தில் விடமாட்டார்கள். வேறொன்று கொண்டுவர நேரமில்லை. அவனுக்குப் பதில் இறங்கியவன் டெவான் பெட்டிஸ். வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். நாலாவது வீச்சிலேயே பந்தை எதிராளி கையில் கொடுத்தான். கோப்பை போயிற்று.

முன்வரிசையில் இருந்த ஹேலி, கிரெக்கின் தங்கை, சட்டக் கல்லூரி மாணவி. டெவான் பெஞ்சுக்கடியில் எதையோ துண்டு போட்டு மூடியதை அவள் பார்த்திருந்தாள். தடுப்பைத் தாண்டிக் குதித்தாள்.

"நீதானே ஒளிச்சு வெச்சே?"

டெவான் குனிந்து துண்டை விலக்கினான். ஹெல்மெட்டை எடுத்து, பெஞ்சில் இருந்த கிரெக்கின் மடியில் வைத்தான்.

"ஆமா, நான்தான்."

"வெக்கமா இல்ல? ஊரே பாக்கற ஆட்டத்துல பேர் வாங்கணும்! வாங்கிட்டியே, நல்ல பேரு!"

"நீ சொன்னா சரிதான், ஹேலி."

"சரிதானா? எங்கண்ணன் யாரு தெரியுமா? அரைமணி முன்னாடி எதிரணி ஆளுங்க ரெண்டு பேர் அவனைத் தூக்கி, தலை தரையில மோத அடிச்சாங்க. டாக்டர் ஓடி வந்தாரு. 'விரல்தான் சுளுக்கு'ன்னு கையைக் காட்டிட்டு, சிரிச்சுக்கிட்டே ஆடின மனுஷன்!"

"ஆமா. அப்படித்தான் சொன்னான்."

"அவன்கிட்டயிருந்து திருடியிருக்கே! வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லேன் பார்ப்போம்!"

டெவான் மீது பின்னாலிருந்து யாரோ பீர் கோப்பையை வீசினார்கள். முகத்தில் வழிந்த பீரை அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

மேலிருந்து காகிதத் துணுக்குகள் கொட்டத் தொடங்கின. எல்லாம் ஜெயித்த அணியின் பச்சை நிறம்.

ஹேலி அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ ஏன்ணா சும்மா இருக்கே? கேளு இவனை! நீயே கேளு!"

கிரெக் மெதுவாகத் தலை நிமிர்ந்தான். இரண்டு கையும் மடியிலிருந்த ஹெல்மெட்டை அணைத்திருந்தன.

"டெவான், என் ஹெல்மெட்டைப் பார்த்தியாடா? ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, நான் இறங்கணும்."