பவளம் கேட்ட சத்தம்

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் பவளம். பக்கத்து வீடுதான். மகனைப் புதைத்த பிறகு இன்றுதான் வெளியே வருகிறாள்.

எஸ்டேட்டுக்கு மேலே, காட்டில் குரங்குகள் செத்து விழுந்துகொண்டிருந்த மாதம். பவளத்தின் மகன் கிரியும் இவள் மகள் தர்ஷிணியும் சேர்ந்துதான் காட்டு நெல்லி பொறுக்கப் போனார்கள். இருவரையும் உண்ணி கடித்தது. இருவருக்கும் குரங்குக் காய்ச்சல்.

இருவருக்கும் காய்ச்சல் விட்டது.

அதன் பிறகுதான் கிரி போனான்.

“பிள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போறேன்க்கா.”

மறுக்க வாய் வரவில்லை. மனமில்லாமலே வழி விட்டாள்.

தர்ஷிணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்ட அசதி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பவளம் அருகில் உட்கார்ந்து தலையைக் கோதினாள். பிறகு, யாரையும் கேட்காமல், சிறுமியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

விடவில்லை.

வாசலில் நின்ற தாய், மகளைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று ஓரடி முன்னால் வந்தாள்.

பவளம் குனிந்து சிறுமியின் நெஞ்சில் காதை வைத்தாள். முகம் மாறியது.

“ஜீப்பக் கூப்புடுங்க.”

“காய்ச்சல்தான் இல்லையே பவளம்.”

“கிரிக்கும் இல்ல. என்னை ஒட்டித்தான் படுத்திருந்தான். அவன் நெஞ்சும் இப்படித்தான் நின்னு நின்னு ஓடுச்சு. வெளையாடுன களைப்புன்னு நெனச்சேன்.”

இதயத் தசை வீங்கியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். காய்ச்சல் போன பிறகும் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் என்று தொடங்கியவர், பிள்ளை பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

பல வாரம் கழித்து, மழை பிடித்த பிறகு, மாத்திரைப் பையோடு வீடு திரும்பினார்கள்.

தர்ஷிணி தன் வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே போய் பவளத்தின் முன்னால் நின்றாள்.

பவளம் மண்டியிட்டாள். காதை வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நல்லாயிருக்கு,” என்றாள். “அந்தச் சத்தம் போயிருச்சு.”

சொல்லிவிட்டும் காதை எடுக்கவில்லை.