சீட்டிக்குத் திரும்பாத மான்

ஓடுகிற மானை நிறுத்த வேடர்களுக்கு வலை வேண்டாம், நாய் வேண்டாம். ஒரு சீட்டி போதும். எந்த மானும் ஒரு நொடி நின்று, யாரது என்று திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில்தான் குண்டு பாயும். அப்படித்தான் தன் தங்கையைப் பறிகொடுத்தது ஒரு புள்ளிமான். "தலை போனாலும் இனி திரும்ப மாட்டேன்" என்று கங்கணம் கட்டிக்கொண்டு, தன் சிநேகிதி மந்தியைத் துணைக்கு அழைத்தது.

மான் ஓட ஓட, மந்தி மரத்தில் இருந்தபடி சீட்டியடித்தது, கைதட்டியது, இருமியது, மான்குட்டி போல அழுதும் பார்த்தது. முதலில் எல்லாவற்றுக்கும் திரும்பிய மான், ஒரு மாதத்தில் இடியே விழுந்தாலும் நேராக ஓடியது.

வேடர்கள் வந்தார்கள். ஒருவன் சீட்டியடித்தான். மான் நிற்கவில்லை. மறுபடி அடித்தான். ம்ஹூம்.

"என்னடா இது, செவிட்டு மானா?" என்று அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

மரத்திலிருந்த மந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. "திரும்பிடாதடி! திரும்பிடாத!" என்று கத்தியது.

"என்னடி?" என்று மான் திரும்பியது.

தாழ்ந்த துப்பாக்கி நிமிர்ந்தது. குண்டு காது நுனியைப் பிய்த்துக்கொண்டு போனது. மான் தப்பி ஓடியது.

சாயங்காலம் ஓடைக்கரையில் மந்தி மார்தட்டிக்கொண்டது: "நான் மட்டும் கத்தலேன்னா இன்னைக்கு உன் கதி என்னடி ஆகியிருக்கும்?"

மான் காதை ஈரமண்ணில் ஒற்றிவிட்டு எழுந்தது. "வா, மறுபடியும் ஓடறேன்."

"இப்ப என்ன சத்தம் போடட்டும்?"

"சத்தமெல்லாம் போதும்டி. நீ எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டே வா."