மருந்தில்லாத மாத்திரை

"மெதுவாப் பேசுங்க மச்சான். உங்க தங்கச்சி காதுல விழுந்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா" என்றபடி மாத்திரை டப்பாவை மைத்துனரிடம் நீட்டினான் அவன். நீட்டிய கையில் சுண்டுவிரல் இல்லை.

"அவளோட தூக்க மாத்திரைதானே?"

"பார்வைக்குத்தான். எங்க கம்பெனியில மெஷினைச் சரிபார்க்க, மருந்தே கலக்காம வெறும் செல்லுலோஸ் மாவுல மாத்திரை அடிப்போம். மரக்கூழை அமிலத்துல வேகவச்சு அரைச்ச மாவு, உடம்பை ஒண்ணும் பண்ணாது. பழக்கமாயிடும்னு டாக்டர் சொல்லியும் இவ நிறுத்தல. போன மாசம் விரல் போன காயம் ஆறி வேலைக்குத் திரும்பினதுமே அசலைத் தூக்கிப் போட்டுட்டு இதை நிரப்பிட்டேன். இப்பவும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா!"

மைத்துனர் சிரித்தார். "கில்லாடி மாப்ள நீங்க! ஆமா, விரல் எப்படித்தான் போச்சு?"

அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "அவகிட்ட மெஷின் கோளாறுன்னு சொல்லியிருக்கேன். உண்மையில நின்னுகிட்டே தூங்கிட்டேன் மச்சான். அப்போல்லாம் பகல்லயே கண்ணைச் சொக்கும். ஒரு மாசமாத்தான் அந்தத் தொல்லை இல்ல, ராத்திரியும் தானா தூக்கம் வந்துடுது."

அறை வாசலில் டம்ளர் விழுந்து உருண்டது. பேயறைந்தவள்போல் நின்றிருந்தாள் மனைவி.

"கோவிச்சுக்காதே, உன் நல்லதுக்குத்தான் மாத்தினேன்..."

அவள் டப்பாவைப் பார்க்கவே இல்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க விடிய விடியப் புரண்டுகிட்டே இருந்தா எனக்கு எங்கேங்க தூக்கம் வரும்? அந்த மாத்திரையை நான் ஒரு நாளும் போட்டுக்கல. பொடிச்சு, உங்க பாலிலதான் கலந்தேன்."