வாயால் கேட்டால் என்ன

"குறை எதுவா இருந்தாலும் மனசு விட்டுச் சொல்லுங்க" என்று புது அதிகாரி சொன்னதும், தட்டச்சர் முதலில் கையைத் தூக்கினார்.

"இந்தக் கத்தல் தாங்கல சார். இது ஆபீசா சந்தையான்னே தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள்.

கத்துவது, மனு வாங்கும் கவுண்டரில் இருக்கும் அவள்தான். தடுப்புக்குப் பின்னால், பழைய கோப்புகளுக்கு நடுவில் பதிவறைக்காரர். யாராவது பழைய மனுவைப் பற்றிக் கேட்டால் அவள் குரல் கொடுப்பாள். அவர் உள்ளிருந்து பதில் குரல் கொடுப்பார். எந்த வருஷம், எந்தக் கட்டு, கிடைத்ததா இல்லையா.

அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

"இனிமே கம்ப்யூட்டர்லயே கேட்டுக்கங்க. பதிலும் அதுலயே வரட்டும்" என்றார் அதிகாரி. கை தட்டினார்கள்.

அந்தப் பேச்சும் நின்றுவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவள், எழுந்தாள்.

"வாயால கேட்டா என்ன சார்?"

"கத்தலன்னா அக்காவுக்குத் தொண்டை துருப்பிடிச்சிடும்!" என்றார் தட்டச்சர்.

மறுபடி சிரிப்பு. பதிவறைக்காரர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அலுவலகம் அமைதியானது.

அவள் கம்ப்யூட்டரில் மனு எண்ணைத் தட்டுவாள். திரையில் 'உள்ளது' என்று வரும். சில நேரம் 'இல்லை' என்று வரும். உதவியாளர் கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று அதிகாரி விசாரித்தார்.

நல்லா இருக்கு என்றாள்.

சாயங்காலம் பதிவறைக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழக்கம்போல அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுப் பூட்டை அவள் திறந்தாள். அவர் விளக்கைப் போட்டார்.

மகளைப் பறிகொடுத்த பிறகு அந்த வீட்டில் பேச்சில்லை. சண்டையும் இல்லை. எதைப் பேசினாலும் மகளிடம்தான் போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், மத்தியானம் ஒரு வீட்டு வரி மனு கேட்டீங்களே... அது எந்த வருஷத்துது?"

அவள் குழாயை மூடினாள்.