நீலம் இறங்கிய காசு

படம் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோடு, ஒரு நிறுத்தம், அப்புறம் இன்னொரு கோடு.

மந்தைவெளி பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஹம்சா உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் பர்மிஷன் சொல்லியிருந்தாள். கணவர் மௌலியிடம்தான் ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் வருவது விக்டோரியா ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் அதை இணையத்தில் ஏலம் விடுகிறார். தேடிக் கண்டுபிடித்தவள் அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகள் ஸஹானா. பணத்தை அவள் கட்டிவிடுவாள். ஆனால் ஏலம் கேட்க வேண்டியது பெரியம்மாதானாம். பெரியப்பாவின் காசு எப்படி இருக்கும் என்று பெரியம்மாவுக்குத்தானே தெரியும் என்று மெயில் போட்டிருந்தாள்.

பெரியம்மாவுக்குத் தெரியாது. அதுதான் வேடிக்கை.

மௌலியிடம் இதே ராணி, இதே ரூபாய் இருந்தது. சேர்த்த காசுகளிலேயே அவருக்கு உயிர் அதுதான். காகிதத்தில் சுற்றி மரப்பெட்டியில் பல வருஷம் கிடந்து தானாகவே நிறம் ஏறிய காசு. நெருப்பில் வாட்டியோ மருந்து தடவியோ ஏற்றிய நிறம் இல்லை. டோனிங் என்பார். ஹம்சா அழுக்கு என்பாள். எந்த ஓரத்தில் என்ன நிறம் என்று வந்தவர்களிடம் அவர் ஆரம்பித்தால், அவள் காபி கலக்க எழுந்து போய்விடுவாள்.

சர்க்கரை வியாதி அவருடைய கண்களை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டது. அதற்கப்புறமும் அந்தக் காசு மட்டும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது.

இந்த வரலட்சுமி நோன்பன்று கலசத்துக்குள் போட வெள்ளிக்காசு அகப்படவில்லை. ஹம்சா அவர் பெட்டியைத் திறந்தாள். இப்படிக் கருத்துக் கிடப்பதையா அம்மனுக்குப் போடுவது என்று நினைத்தாள். விபூதியைத் தொட்டு, வெள்ளிப் பாத்திரம் தேய்க்கிற தேய்ப்பு தேய்த்தாள். காசு பளபளவென்று வந்துவிட்டது.

மறுநாள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காசை முகத்தருகே கொண்டுபோய், பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, “என்ன அழகு பாரு” என்றபோதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. வெளுத்துப் போன காசைத் திருப்பித் திருப்பிப் பிடித்துச் சிரித்துக்கொள்கிறார். இவள் சமையலறையில் நின்று செத்துப் போகிறாள். அடுத்த மாதம் ஐதராபாத்திலிருந்து, அவரைப் போலவே காசு சேர்க்கிற சிநேகிதர் வலியுல்லா வேறு வரப்போகிறார். அவர் பார்த்த மாத்திரத்தில் போட்டு உடைத்துவிடுவார். அதற்குள் நிறமேறிய ஒரு காசு பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

திரையில் நீலம் வந்தது.

ஓரத்தில் மெல்லிசாக, மயில் கழுத்து நீலம். அடுத்த கோட்டில் அது ஊதாவாகக் கனிந்தது. ராணியின் நெற்றிக்கு வரும்போது தேன் நிறமாகிவிட்டது. ஹம்சா முன்னால் சாய்ந்தாள். இதையா இத்தனை வருஷம் அழுக்கு என்றோம் என்று நினைத்தாள். மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

“டைம் முடியப் போவுதும்மா. நீங்க இன்னும் ஏலப் பட்டனை அழுத்தவே இல்லியே,” என்றாள் சென்டர் நடத்தும் மணிமொழி, தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அழுத்தினால் பக்கம் மாறிவிடும். படம் போய்விடும். கழுத்துவரை வரட்டும், அழுத்திவிடலாம் என்று நினைத்தாள் ஹம்சா. கழுத்து வந்தது. கீழ் ஓரத்தில் மறுபடி நீலம் துளிர்த்தது. அதையும் விட மனமில்லை.

முழுக் காசையும் பார்த்துவிட்டு அவள் அழுத்தியபோது ஏலம் முடிந்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எடுத்துக்கொண்டுவிட்டான்.

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மயிலாப்பூர் குளத்தோரம் பஸ் நின்று போன இடத்தில், மழைத்தண்ணீரில் எண்ணெய் சிந்தியிருந்தது. அதிலும் அதே நீலம், அதே ஊதா. ஹம்சா நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் மௌலி ஜன்னலோரம் இருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் கையை நீட்டி, காசை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“வலியுல்லா வரான். அதுக்கு முன்னாடி நீ ஒரு தரம் வெளிச்சத்துல பிடிச்சுண்டு சொல்லேன், கலரெல்லாம் எப்படி இருக்குன்னு.”

கையில் இருந்தது துடைத்து வைத்த ஸ்பூன் மாதிரி ஒரு வெள்ளை. ஹம்சா கண்ணை மூடிக்கொண்டாள். மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். மயில் கழுத்து நீலம், அது கனிந்த ஊதா, நெற்றியில் தேன், கீழே மறுபடி நீலம். ஒன்றையும் விடவில்லை. பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

“நம்ம காசுல நீலம் கிடையாது ஹம்சா. ஓரமெல்லாம் செம்பருத்திச் சிவப்பு.”

ஹம்சா கண்ணைத் திறந்தாள்.

“நோன்புக்கு மறுநாளே விபூதி வாசனை வந்துதே,” என்றார்.

அப்படியென்றால் இத்தனை நாளும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்ததெல்லாம் அவளுக்காக.

மௌலி அவள் விரல்களைக் காசோடு சேர்த்து மூடினார்.

“நீலம் நன்னா இருக்கு. மேலேர்ந்து இன்னொரு தரம் சொல்லு.”